பெர்த்

மின்சார பில்லின் முதுகில்
ஸ்தனிஸ் எழுதிய முதல் வரி: கொச்சி.
இரண்டாவது: செராய் பீச்.
மூன்றாவதாக ஒரு தொகை எழுதி
அடித்துவிட்டு
அதற்குக் கீழே இன்னும் சின்னதாக ஒன்று எழுதினான்.

"கடலை வாசலில் வைத்துக்கொண்டு
கடல் பார்க்கவா டிக்கெட் எடுக்கிறீங்க?"
கல்மண்டபத்தில் செல்போன் கடை வைத்திருக்கும்
என் தம்பி கேட்டான்.
எங்கள் காசிமேட்டுக் கடலில் கால் நனைக்க
முதலில் பாறை ஏற வேண்டும்.
லாரி லாரியாய்க் கொட்டிய கருங்கல்.
ஜெசிந்தாவுக்கு ஏழு வயது.
மணலைத் தோண்டினால் அடியில் தண்ணீர் ஊறும் என்பது
அவளுக்குப் பாடப்புத்தகச் செய்தி.
மெரினாவுக்குக் கூட்டிப்போனோம் ஒரு முறை,
பாதி நேரம் பஞ்சுமிட்டாய் வரிசையில் போயிற்று.

ஸ்தனிஸின் காரணம் வேறு.
கப்பல் கட்டுகிற வேலை என்பான்,
கேட்பவர்கள் இன்ஜினியர் என்று நினைத்துக்கொள்வார்கள்.
வருகிற கப்பலைக் கயிறு வாங்கிக்
கரையோடு கட்டுவதுதான்.
பதினாறு வருஷ நைட் ஷிஃப்ட்.
சூரியன் தண்ணீரிலிருந்து ஏறுவதை
அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்துவிட்டான்.
இறங்கிப் பார்த்ததில்லை.
இங்கே அது மூலக்கொத்தளம் பக்கம்
ஏதோ கட்டடத்துக்குப் பின்னால் போய்
காணாமல் போகிறது.
"தண்ணிக்குள்ள போறப்போ சத்தம் வருமா?"
நாற்பத்தோரு வயசு ஆள்.
நான் சிரிக்கவில்லை.
கல்யாணமாகி நான் செய்த நல்ல காரியங்களில்
அதுவும் ஒன்று.

வெள்ளி இரவு சென்ட்ரலில் ரயில்.
சனிக்கிழமை பழைய துறைமுகம்:
சீன வலை, டச்சுக்காரர் பெயர் சொல்லும் அரண்மனை,
யூதர் தெருவில் பழைய கிடங்குகள்.
"அங்கயும் கிடங்குதானா?"
மிளகு வாசம் வரும் கிடங்கு என்றேன்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்த நேரம்,
ஜன்னலைச் சாத்திவிட்டுச் சரி என்றான்.
ஞாயிறு முழுக்க செராய்.
அதில் எதுவும் எழுத வேண்டாம், வெறுமே விடு என்றான்.
விட்டேன்.

டிக்கெட்டோ காத்திருப்புப் பட்டியலில்.
இருபத்து மூன்று, நாலு, ஐந்து.
"பெர்த் கிடைக்காம எந்தக் கப்பலும் திரும்பிப் போனதில்ல."
எத்தனை நாள் நிற்கும்?
"பதினோரு நாள் நின்னிருக்கு ஒண்ணு."
மொட்டைமாடியிலிருந்து விளக்குகளை எண்ணினோம்.
ஜெசிந்தாவுக்கு ஒன்பது, எனக்கு எட்டு.
ஒன்று விசைப்படகாய் இருக்கலாம்.
தூரத்தில் மஞ்சளாய் நிற்பது கோதுமை என்றான்,
அதற்குச் செவ்வாய்க்கிழமைதான் இடம்.
அதற்குள்ளும் யாரோ
வீட்டுக்குப் போகும் நாளை
எதன் முதுகிலோ எழுதி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

புதன்: பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று.
வியாழன்: அசையவில்லை.
வெள்ளி சாயங்காலம்
இரண்டு உறுதி, ஒன்று ஆர்.ஏ.சி.
உட்கார்ந்துகொண்டே போகிறேன் என்று
மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அப்போதுதான் போன் அடித்தது.
ஃபோர்மேன்.
ஒரு கப்பலுக்கு முன்னதாகவே இடம் கிடைத்துவிட்டதாம்,
கயிறு பிடிக்க ஓர் ஆள் குறைகிறதாம்.
இதெல்லாம் அவன் எடுக்காமலே சொன்னது,
பெயரைப் பார்த்தாலே தெரியும் என்று.
போனை இட்லிப் பானைக்குள் வைத்து மூடினான்.
உள்ளே கொஞ்ச நேரம் முனகியது.
"அப்போ அந்தக் கப்பலை யாருப்பா கட்டுவாங்க?"
அவன் பதில் சொல்லவில்லை.
மூடியைப் பார்த்தான். திறக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

பையின் ஜிப் பிய்ந்திருந்தது.
நைலான் கயிறு எடுத்து
இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஓர் இழுப்பு.
இருபதாயிரம் டன்னுக்குப் போடும் முடிச்சு.
செராய் போய்த்தான் அவிழ்ப்பேன் என்றான்.
என் சீப்பு உள்ளே.
தலை வாராமலே ஆட்டோ ஏறினேன்.